உடற்பயிற்சிக் கூடத்தில் அடுப்பெரித்தது யார்

மதிப்பிற்குரிய மலர் ஆசிரியர் அவர்களுக்கு, வீட்டில் சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, தம்பி மூவரும் சுகம், சுகமாகத் தூங்குகிறார்கள். நான் மட்டும் சுகமில்லை. சமையலறைத் தரையில் விளக்கை வைத்து, வெளிச்சம் வெளியே போகாமல் அப்பாவின் துண்டால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே யாராவது புரண்டு படுத்தால்கூட விளக்கைத் தணித்துவிடுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பயத்தால் கோணியது. சொல்ல வந்ததில் கோணல் இல்லை. இது ரகசியக் கடிதம்.

கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் திறப்பு விழா மலருக்கு நீங்கள் எழுதிய வரலாற்றைப் பிழை பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அப்பா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. "கட்டி முடித்த பின் கூடம் சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. அப்போது காவலாளி உள்ளே சமைத்ததால் ஒரு மூலைச் சுவர் கரி பிடித்தது" என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா, கூடம் வெறுமையாகவா கிடந்தது? அதில் நாங்கள் கிடந்தோம். நீங்களும் கிடந்தீர்கள்.

உண்மை வரலாறு உங்களுக்கே தெரியும். மறந்ததுபோல் இருப்பதால் எழுதுகிறேன். திறந்துவைக்க வருவதாகச் சொன்ன பெரிய மனிதருக்கு முதல் தடவை காய்ச்சல், அடுத்த தடவை வெளிநாட்டுப் பயணம், அதற்கடுத்த தடவை பதவியே போய்விட்டது, புதிதாக ஒருவரைப் பிடிக்கும்வரை "திறக்காத கட்டடத்துல எவனும் குதிக்கக் கூடாது" என்று கல்லூரி முதல்வர் பூட்டிவிட்டார், மாணவர்கள் வெயிலில் மைதானத்தில் குதித்தார்கள், அப்பா பி.டி. மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்தபோது ஆசிரியர் குடியிருப்புக்குக் கூரையே போடவில்லை, முதல்வரிடம் போய் நின்றால் "எங்கயாவது சமாளிச்சுக்குங்க மாஸ்டர்" என்று சொல்லிக் கூடத்தின் சாவியைக் கையில் கொடுத்தார். குதிக்கத்தான் கூடாது என்றார், குடியிருக்கக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை. பேரலல் பாரில் அம்மா துணி காயப்போட்டாள். தாண்டிக் குதிக்கிற மரக்குதிரைதான் எனக்கு மேசை, வீட்டுப்பாடத்தை நின்றுகொண்டே எழுதுவேன். கூரையிலிருந்து தொங்கிய வளையங்களில் தம்பிக்குத் தூளி. தேர்வு விடைத்தாள் திருத்த அமைதி வேண்டும் என்று வந்த நீங்கள், குட்டிக்கரணம் போடுகிற மெத்தையில் படுத்துத் திருத்தியதைவிடத் தூங்கியதுதான் அதிகம்.

பார்வையாளர் யாராவது வந்தால் தொப்பிக்காரர்தான் வாசலில் விசில் அடிப்பார். நீங்கள் மலரில் "காவலாளி" என்று எழுதியிருப்பவரைத்தான் சொல்கிறேன். விசில் கேட்டதும் மெத்தைகளுக்குப் பின்னால் குடும்பமே மறைந்துவிடும். ஒரு நாள் தூளியை அவிழ்க்க நேரமில்லை. வந்தவர் "இது என்னய்யா புதுக் கருவி?" என்று கேட்டார். "தொங்கு பயிற்சிக்குங்க" என்றார் தொப்பிக்காரர். வந்தவர் தூளியை லேசாகத் தள்ளிப் பார்த்தார். தம்பி வீல் என்று அலறினான். "எண்ணெய் போடணுங்க" என்று சொல்லி அவரை வெளியே அழைத்துப் போய்விட்டார் தொப்பிக்காரர். முதல்வரும் ஒரு நாள் வந்து, அம்மா கொடுத்த தேநீரை அந்த அடுப்பு மூலையில் உட்கார்ந்தே குடித்துவிட்டு, "நல்ல காத்து வருதே" என்றார். அப்போது அந்தச் சுவர் பாதி கறுத்திருந்தது.

இப்போது நாங்கள் குடியிருப்புக்கு வந்துவிட்டோம், கூடத்தைத் திறந்துவைக்கப் புது விருந்தாளி கிடைத்துவிட்டார், வெள்ளையடித்தால் கரி மேலே வருகிறது, எனவே குற்றவாளி தேவைப்படுகிறார். நாளைக் காலை தொப்பிக்காரரை விசாரித்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். விசாரணைக் குழுவில் அப்பாவும் ஒருவர். "உள்ள அடுப்பு மூட்டினது யாரு?" என்று அவரிடம் கேட்கவேண்டியவர் அப்பாதான்.

சாப்பிடும்போது நான் கேட்டேன். "பேசாம சாப்பிடு. தெரிஞ்சா வீடும் போயிடும், வேலையும் போயிடும்" என்றார். "அவருக்கு மட்டும் போகலாமாப்பா?" என்றேன். அப்பா தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரரிடமும் சாயங்காலம் கேட் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன். "போ பாப்பா, உன் தம்பி வளந்த இடம். அதைப் போய்க் காட்டிக் கொடுப்பேனா?" என்று சிரிக்கிறார். அவர் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, விசாரணைக்கு முன்னால் அந்த இரண்டு வரிகளையும் திருத்தி முதல்வரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேராக அங்கே வந்து நானே சொல்வேன். குழு என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரியும். கூப்பிடாமலே வருவேன். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சொல்வேன். சீருடையில் கரி ஒட்டட்டும், அது எங்கள் வீட்டுக் கரிதான்.

சித்திக்கு என் அன்பு. உங்களுக்கு வணக்கமும் அன்பும் திருத்தியதைப் பார்த்த பிறகு. இதை எழுதியது யாரென்று தெரிந்தால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள், அதனால் பெயர் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: ரகசியக் கடிதம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாளோ தெரியாது. முழுவதும் படித்துவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "மரக்குதிரை மேல பால் கொட்டினதை எழுதலையே" என்றாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து கூடத்தில் சமைத்த பழைய இரும்பு அடுப்பை இறக்கினாள். சத்தத்தில் அப்பா எழுந்து வந்து, "இந்நேரத்துல அடுப்பு எதுக்கு?" என்றார். "காலைல விசாரணைக்கு" என்று சொல்லி அம்மா அதை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அடுப்பருகே குனிந்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "உன்னால முடியாது. கனமா இருக்கு, நானே எடுத்துட்டு வரேன்" என்றார்.

அதனால் நீங்கள் எதையும் திருத்த வேண்டாம், நாங்களே வருகிறோம். நீங்கள் படுத்திருந்த மெத்தையை மட்டும் நீங்களே தூக்கிக்கொண்டு வரவேண்டுமாம். அம்மா சொல்லச் சொன்னாள்.