பிரேக் அண்ணன் எழுதாமல் போன உயில்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் மருந்துக்கடையும் எந்த நீங்கலும் இல்லாமல் சுகமாக இருக்க விரும்புகிறோம். தங்கள் மகள், அதாவது எங்கள் மருமகள், நேற்று ஃபோனில் பேசினாள். என் மகனை அவள் இன்னும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை என்று தெரிந்து நிம்மதியாக இருக்கிறது.

நிற்க. போன தடவை தங்கள் கடையில் உட்கார்ந்திருந்தபோது உயில் பற்றிப் பேச்செடுத்தேன். தாங்கள் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "இப்ப என்ன சம்பந்தி அவசரம், நான் என்ன நாளைக்கேவா போயிடப் போறேன்?" என்று சிரித்தீர்கள். மருந்து வாங்க வந்தவரும் இருமிக்கொண்டே சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. தங்கள் சொத்தின் மேல் எனக்குக் கண் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். அந்த மாடி வீடு நல்ல காற்றோட்டம், முன்னறையில் பகல் முழுக்க விளக்குப் போட வேண்டியதில்லை, பின்சுவரில் மட்டும் கொஞ்சம் ஓதம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம், காலமெல்லாம் சர்வேயராக ஊரார் நிலத்தை அளந்தவன் கண்ணில் தானாகப் படுபவை. ஆசைப்பட்டுப் பார்த்ததல்ல. நான் எழுதுவது என் அண்ணன் விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டுக்காக. தாங்கள் துக்கம் கேட்க வந்தபோது, கௌரவம் கருதி, பாதிக்கதையைத்தான் சொன்னோம்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியது தங்களுக்குத் தெரியும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் மிதிக்க மறந்த பிரேக்கைத் தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கால் மிதித்தே ஆயுசைக் கழித்தவர். ஊரே அவரை 'பிரேக்' என்றுதான் கூப்பிட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அதே காலால்தான் மிதித்தார் என்பாள் அக்கா. அந்த சீட்டிலேயேதான் போயும் சேர்ந்தார். அன்று வண்டி ஓட்டியது ஒரு தையல்காரம்மா. அண்ணன் பாடம் என்றால் வசவு என்று அர்த்தம். கிளட்சுக்கு ஒரு வசவு, கியருக்கு ஒரு வசவு, இண்டிகேட்டர் போட மறந்தால் பாட்டன் பூட்டன் வரைக்கும் போகும். அன்றைக்கு ரவுண்டானா தாண்டியதிலிருந்து சத்தமே இல்லை. நாம் ஒழுங்காக ஓட்டுகிறோம், அதனால்தான் சார் திட்டவில்லை என்று அந்தம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. சந்தை வழியாகப் புகுந்து, பாலம் ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டி (அங்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு டாக்டரைக் கேட்டோம், ரவுண்டானாவிலேயே கதை முடிந்துவிட்டது என்றார்), ஸ்கூல் வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அளவெடுத்துத் தைத்த மாதிரி நிறுத்திவிட்டு, "எப்படி சார்?" என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். அண்ணன் யாரையும் திட்டாமல் ஒரு பாடத்தை முடித்தது அதுதான் முதல் தடவை.

உயில் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே, "உயில் எழுதறது எமனுக்கு இண்டிகேட்டர் போடற மாதிரிடா. போடலைன்னா எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம அவன் பாட்டுக்கு நேராப் போயிடுவான்" என்பார். எமனுக்கு வழி நன்றாகவே தெரிந்திருந்தது. எழுதாதவர் சும்மாவாவது இருந்திருக்கலாம். வாயால் எழுதிக்கொண்டே இருந்தார். பல்பு மாற்ற என்னைக் கூப்பிடும்போது, "எனக்கப்புறம் இதெல்லாம் உனக்குத்தானே" என்பார். அக்கா தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் பி.பி. பார்க்க வந்தால் அவளிடமும் அதையே சொல்வார். தம்பி மெத்தைக் கடை வைத்திருக்கிறான். ஒரு மெத்தை ஓசியில் வந்து இறங்கிய அன்றைக்கு அவனிடமும் சொல்லியிருக்கிறார். மற்ற இருவர் மனசு புண்படுமே என்று மூன்று பேரும் இதை ரகசியமாகவே வைத்திருந்தோம். மூன்றாம் நாள் மூன்று ரகசியமும் ஒரே ஹாலில் வெளியே வந்தன. அதற்குப் பிறகு நடந்ததை அக்கம்பக்கத்தார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சொத்து என்றால் கீழே ஆபீஸ், மேலே வீடு, இரட்டை பிரேக் வைத்த மூன்று கார். மூன்று பேருக்கு மூன்று கார், கணக்குச் சரிதானே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் மூவரில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கு டிபார்ட்மென்ட் ஜீப்பும் டிரைவரும் இருந்தார்கள், அக்காவுக்கு ஆம்புலன்ஸ், தம்பி மெத்தையோடு மெத்தையாக வேனில் பின்னால் போகிறவன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வருமா? சாவிகளைத் தம்பி எடுத்துக்கொண்டான், வண்டிப் புத்தகங்களை அக்கா எடுத்துக்கொண்டாள், எனக்கு மூன்று ஸ்டெப்னி டயர் மிஞ்சியது. வக்கீலைப் போய்ப் பார்த்தோம். முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள் என்றார். தாலுகா ஆபீஸில் இருந்த கிளார்க், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார். ஆனதற்குத்தானே ஆதாரம் இருக்கும், ஆகாததற்கு எங்கே போவது என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்போ அவர் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்து, கல்யாணம் ஆகலைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க." தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

இதற்கிடையில் ஸ்கூலை மூடியாகிவிட்டது. அதனால் ஊரில் பாதிப் பாடத்தோடு நின்றுபோனவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. ஒருநாள் அந்தத் தையல்காரம்மா புதுக் காரோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எல்லாம் கத்துக்கிட்டேன் சார், ரிவர்ஸ் மட்டும்தான் பாக்கி. ஃபீஸ் முழுசாக் கட்டிட்டேன். அவர் சொத்து உங்களுக்குன்னா அவர் பாக்கியும் உங்களுக்குத்தானே?" வக்கீலுக்கு ஃபோன் போட்டேன். அந்தம்மா சொல்வது நியாயம்தான் என்றார். பேசி முடித்து அந்தம்மா கிளம்பப் பார்த்தால், வண்டி கேட்டை ஒட்டி மூக்கை வைத்து நிற்கிறது. பின்னால் எடுக்க அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "காலையில யாரையாவது அனுப்பறேன்" என்று நடந்தே போய்விட்டார். மறுநாள் பால் வாங்க பம்பருக்கும் கேட்டுக்கும் இடையில் பக்கவாட்டில் நுழைந்தபோதுதான் என் முழங்கால் பிசகியது.

அடுத்தது பூட்டு. நான் இல்லாத நேரத்தில் தம்பி பாத்திரம் பண்டத்தைக் கிளப்பிவிடுவான் என்று ஸ்கூல் கேட்டில் நான் ஒரு பூட்டுப் போட்டேன். அதைப் பார்த்து அக்கா ஒன்று போட்டாள். தம்பி அவன் குடோன் பூட்டையே கொண்டுவந்து மாட்டினான். மூன்று பேரும் சேர்ந்து வந்தால்தான் கேட் திறக்கும், மூன்று பேருக்கும்தான் பேச்சு வார்த்தை கிடையாதே. இந்த லட்சணத்தில் மாடிக் குழாயை யாரோ சரியாக மூடாமல் விட்டிருக்கிறோம். யார் என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. நின்றுபோயிருந்த குழாய்த் தண்ணீர் ஒருநாள் திரும்ப வந்திருக்கிறது. தம்பி வெளியூரில். அவன் வந்து சேர்வதற்குள் மாடிப்படி அருவியாகிவிட்டது. கேட்டைத் திறந்து உள்ளே போனால், ஆபீஸில் கணுக்கால் தண்ணீர். ஸ்டாப், நோ என்ட்ரி என்று போர்டுகள் மிதக்கின்றன. உள்ளே ஏற்கெனவே ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர்தான் ஆபீஸ் அம்மா. பின்பக்கச் சுவர் ஏறி வந்தாராம். மெயின் வால்வை மூடியதும் அவர்தான்.

ஆபீஸ் அம்மாவைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். உண்மையில் அந்த ஸ்கூலை நடத்தியது அவர்தான். அண்ணன் திட்டினார், அந்தம்மா நடத்தினார். திட்டு வாங்கி அழுதுகொண்டே ஓடியவர்களை வாசல்வரை போய்க் கூட்டிவந்து மறுபடி வண்டியில் ஏற்றியவர். அண்ணன் போன பிறகு அவருக்கு என்ன என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. சட்டப்படி அவர் யாரும் இல்லையே.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டா, உண்மையைச் சொல்லுங்க. அண்ணன் உக்காந்து எழுதியிருந்தா இந்த ஸ்கூலை யாருக்கு எழுதியிருப்பான்?"

நான் கூரையைப் பார்த்தேன். தம்பி தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான்: "யாருக்குன்னு மூணு பேருக்கும் தெரியும்க்கா. ஆனா எழுதலையே."

ஆபீஸ் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எத்தனையோ தடவை வக்கீலை வரச்சொல்லுன்னார். நான்தான் ஃபோன் பண்ணுவேன். இன்னைக்கு டெஸ்ட் இருக்கு, வேண்டாம்னு சொல்லுன்னுவார். அதுக்கும் நான்தான் பண்ணுவேன். ஒருநாள், 'உனக்குத்தாம்மா எழுதப்போறேன்'னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் ஃபோன் பண்ணவே கூச்சமாயிடுச்சு. எனக்கு எழுதறதுக்கு நானே எப்படிங்க அவசரப்படுத்துவேன்?" என்றார்.

சம்பந்தி, அண்ணனை நினைத்து எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஊரில் இருக்கிறவன் பாட்டனையெல்லாம் திட்டத் தெரிந்தவருக்கு, இரண்டு சாட்சியைக் கூப்பிட்டு ஒரு தாளில் ஒரு கையெழுத்துப் போடத் தெரியவில்லை. ஒரு கப் டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. அந்தக் கையெழுத்து இல்லாததால் உடன்பிறந்தவர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் திருடர்களானோம், உழைத்தவர் சுவர் ஏறிக் குதித்தார்.

அக்கா அங்கேயே நின்று, ஸ்கூலும் காரும் அந்தம்மாவுக்கு என்றாள். நானும் சரி என்றேன். தம்பி மட்டும் தன் மெத்தை திரும்ப வேண்டும் என்று அடம்பிடித்தான். நனைந்த மெத்தையை நாலு பேர் தூக்கி வேனில் ஏற்றினோம். ஆனால் கொடுக்கிறேன் என்று சொன்னால் கொடுத்துவிட முடியுமா? நமக்கே வராத சொத்தை எப்படிக் கொடுப்பது என்று வக்கீல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு, அவருக்குப் பெண் பார்த்து ஓய்ந்துபோன தரகரே வந்து சாட்சி சொன்னார். இப்போது ஆபீஸ் அம்மாவே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார். திட்டுவதே இல்லையாம். தையல்காரம்மா ரிவர்ஸ் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆகையால், சம்பந்தி, எழுதுங்கள். யாருக்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். அதை நிறைவேற்ற ஒரு ஆளை நியமியுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுதியும் பிரயோஜனமில்லை. சொத்து வாங்கப் போகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, அதனால் என் மகனைக் கூப்பிட வேண்டாம். என்னைக் கூப்பிடலாம், எந்த நேரமானாலும் வருவேன். நானும் போன மாதம் எழுதிவிட்டேன். நான்கு எல்லையும் குறித்து, மதில் அளவு உட்பட, என் கைப்படவே எழுதினேன். வீடு என் மனைவி காலம்வரை மனைவிக்கு, பிறகு என் மகனுக்கும் தங்கள் மகளுக்கும் சரிபாதி. படித்துக் காட்டியபோது என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே 'ம்' என்றாள். ஒரு குடும்பத் தலைவனுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன இருக்கிறது?

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். கடையில் இருமுகிறவர்கள் எல்லோரும் குணமாகட்டும், ஆனால் ஒரேயடியாக அல்ல, தங்கள் வியாபாரமும் நடக்க வேண்டும். நீங்கள் இருவரும் நூறு வருஷம் இருங்கள். எழுதி வைத்துவிட்டு இருங்கள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. வீடு யார் பேர்ல இருக்கு?" என்றாள். நம் பேரில் என்றேன். "நம்மன்னா யாரு? வாங்கறப்ப நீங்க எங்கயோ அளக்கப் போயிருந்தீங்க. பத்திரம் என் பேர்லதான்." எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் என் உயில் என்று கேட்டேன். உங்கள் குடைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் செல்லும் என்றாள். அவள் எப்போதோ உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டாளாம். வீடு முழுக்கத் தங்கள் மகளுக்கு. என் மகனுக்கு இல்லையா என்றால், "அவன் உங்களை மாதிரி" என்கிறாள். பின்னறையில் என் காலம்வரை நான் இருக்கலாமாம், தொந்தரவு செய்யாத பட்சத்தில். எப்போது எழுதினாய் என்று கேட்டேன். சம்பந்தியம்மாவும் அவளும் துணி எடுக்கப் போகிறோம் என்று கிளம்பியபோது நீங்களும் நானும் கேரம் ஆடிக்கொண்டிருந்தோமே, அன்றைக்குத்தானாம். துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் வக்கீல் ஆபீஸ். சம்பந்தியம்மாவும் அன்றைக்கே எழுதிவிட்டாராம். உங்கள் மாடி வீடு அவர் பேரில்தான் இருக்கிறதாம், உங்களுக்கு இது ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், சொல்ல மாட்டேன் என்கிறாள். இனிமேல் சம்பந்தியம்மா கூப்பிட்டால் மட்டும், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முதல் குரலுக்கே எழுந்து போகச் சொல்கிறாள்.