வெர்காலோவை முந்திய ரொட்டி வண்டி

ஒரு ரொட்டி வண்டி தன்னை முந்திக்கொண்டு போனதைக் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முதலில் நம்பவில்லை. அதன் பின்கதவில் வரைந்திருந்த ரொட்டி, கண்ணும் வாயும் வைத்துக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் நம்பினார்.

வலது காலை இன்னும் அழுத்தினார். அழுத்துவதற்கு இடமில்லை, பெடல் ஏற்கெனவே தரையோடு ஒட்டிக் கிடந்தது. எஞ்சின் என்னவோ ஊரையே விழுங்கப் போவதுபோல்தான் உறுமியது. ஆனால் முள், எண்பதைத் தொட்டதும் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

"ரொட்டி வண்டிக்கு வழி விட்டுட்டீங்களா? நல்ல காரியம்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். "பாவம், எத்தனை கடைக்குப் போகணுமோ."

"நான் வழி விடல."

"பின்னே?"

"அவனே போயிட்டான்."

அவள் "ஓ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒற்றை எழுத்து அவரை ரொட்டி வண்டியைவிட அதிகமாகச் சுட்டது.

அவர் ஓட்டிக்கொண்டிருந்தது சாதாரண கார் அல்ல. வெர்காலோ. கார்ப் பத்திரிகைகள் அட்டையில் போட்டுக் கொண்டாடிய கார். அவருடைய கடையில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே அதன் படம் மாட்டியிருந்தது. கடைசி வரியைப் படிக்க முடியாமல் திணறுகிறவர்களிடம், "சரி, அதை விடுங்க. இந்தக் காரோட சக்கரம் தெரியுதா? அது போதும்," என்பார். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட அதற்கு நாலே விநாடி என்பதைக் கண்ணாடி வாங்க வந்தவர், கண்ணாடி துடைக்கத் துணி கேட்டு வந்தவர், வழி விசாரிக்க வந்தவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஊரில் இருந்த கார்ப் பிரியர் சங்கத்தில் அவருக்கு 'வேகம் சார்' என்றே பெயர்.

போன மாதம்தான், ஒரு கை மாறிய வெர்காலோ ஒன்று ஷோரூமுக்கு வந்தது. வேகம் சார் ஒருவழியாகத் தன் வேகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேகம் மட்டும் வந்து சேரவில்லை.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஷோரூமுக்குப் போன் போட்டார்.

"வண்டி கொஞ்சம்... தயங்குற மாதிரி இருக்குப்பா," என்றார், தனக்கே கேட்காத குரலில்.

போனை எடுத்தவன் புதிய ஆள். "சார், அது குடும்ப வண்டி மாதிரி இல்ல. ஓட்டுறவங்க கையில இருக்கு விஷயம். வேணும்னா ஓட்டக் கத்துக்கொடுக்கிறவர் ஒருத்தரை அனுப்பட்டுமா?"

வேகம் சார் போனை வைத்துவிட்டார். அத்தோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் முடிவு செய்தார்.

ஆனால் 'ஓட்டுறவங்க கையில' என்ற வார்த்தை மனசுக்குள் முள்ளாகக் குத்தியது. ஒருவேளை கையில் இல்லை, காலில் இருக்குமோ? பந்தயக்காரர்கள் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூதான் போடுவார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். அப்படி ஒன்றை வாங்கினார். அவர் அளவில் இல்லாததால் ஒரு அளவு சின்னதாக. அன்று மாலை வெர்காலோ அதே எண்பதில் வந்து நின்றது. அவர் மட்டும் வாசலிலிருந்து சோபாவரை நொண்டிக்கொண்டே வந்தார்.

"என்னங்க இது?" மனைவி அவர் காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். "கார் ஓட்டினீங்களா, காரைத் தூக்கிட்டு வந்தீங்களா?"

"பெடலை உணரணும்மா."

"நல்லா உணர்ந்திருக்கீங்க. கொப்புளமே வந்திருக்கு." சிரித்துக்கொண்டே மருந்து போட்டாள். அவள் கை பட்ட இடம் இதமாக இருந்தது. இருந்தாலும் அவர் முகத்தை உர்ரென்றே வைத்துக்கொண்டார்.

அடுத்து, வண்டியின் எடைமேல் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்தார். மிதியடி, குடை, மனைவியின் சால்வை, ஜாக்கி, ஸ்பேர் டயர் எல்லாம் வாசலில் குவிந்தன. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வீடு மாத்துறீங்களா சார்?" என்று கேட்டார்.

பஞ்சுபோல் இலேசாகிவிட்ட வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார். எண்பது. மேட்டில் ஏறினாலும் எண்பது, பள்ளத்தில் இறங்கினாலும் எண்பது. வெறுத்துப்போய்த் திரும்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ஜாக்கியும் ஸ்பேர் டயரும் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

உலகமே கொண்டாடும் வெர்காலோவின் பக்கத்தில், சின்ன ஷூவில் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றுகொண்டு கையைக் காட்டினார். பல கார்கள் நிற்காமல் போயின. சில கார்கள் வேகம் குறைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போயின. கடைசியில் ஒரு வண்டி நின்றது. பின்கதவில் ரொட்டி சிரித்தது.

"சார், நீங்களா!" டிரைவர் குதித்து இறங்கினார். "அன்னிக்கு எனக்கு வழி விட்டது நீங்கதானே? இந்த மாதிரி காரு வச்சிருக்கிறவங்க யாரும் எங்களை மதிக்க மாட்டாங்க சார். உங்களுக்குத் தங்கமான மனசு."

'வழி விடலை, என்னால முடியலை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "பரவாயில்லப்பா, நீங்க அவசரமாப் போயிட்டிருந்தீங்க," என்றார்.

பஞ்சர் கடை வரைக்கும் ரொட்டி வண்டி வெர்காலோவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த வேகம் சாருக்கு மனசு நொறுங்கியிருக்க வேண்டும். மாறாக, வழியெல்லாம் சூடான ரொட்டி வாசனை வந்தது. சாலையோரம் ஒரு ஏரி இருப்பதை முதல்முறையாகப் பார்த்தார். இத்தனை காலம் அந்த வழியாகப் போயும் கண்ணில் படவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

இருந்தாலும் இந்த அவமானத்துக்கு யாராவது பொறுப்பேற்றுத்தானே ஆக வேண்டும்? யோசித்துப் பார்த்தார். கையில் குறையில்லை. காலில் குறையில்லை. எடையிலும் இல்லை. அப்படியானால் மிஞ்சுவது ஒன்றுதான்.

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் அவர்தான் பேச்சாளர். 'நானும் என் வெர்காலோவும்' என்பது தலைப்பு. ஹாலில் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் சங்கத் தலைவரான வக்கீல். அவரிடமும் ஒரு வெர்காலோ உண்டு. ஆனால் அதைப் போர்வை போர்த்தி ஷெட்டிலேயே வைத்திருப்பார்; ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துத் துடைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தூங்க வைத்துவிடுவார்.

நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வேகம் சார் நினைத்திருந்தார். ஆனால் வக்கீல் எழுந்து, "சார், அந்த நாலு விநாடி... முதுகு சீட்டோட ஒட்டிக்குமாமே, எப்படி இருந்துச்சு?" என்று ஆசையோடு கேட்டுவிட்டார்.

கொப்புளம் வந்த கால் லேசாக வலித்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணும் ஒட்டல. வெர்காலோவை ஊதி ஊதிப் பெருசாக்கிட்டாங்க. அது வெறும் சத்தம்."

தன்னைத் தூக்கி வெளியே போடப்போகிறார்கள் என்றே நினைத்தார். அப்போது பின்வரிசையில் பல் டாக்டர் மெதுவாக எழுந்தார். வெர்காலோ வைத்திருக்கும் மூன்றாவது ஆள்.

"நானும் ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்," என்றார் தழுதழுத்த குரலில். "சொன்னா எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சிரிப்பீங்களோன்னு பயம். என் வண்டியும் அப்படித்தான் சார். உறுமும், போகாது."

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஸ்டீயரிங் கல்லாக இருக்கிறது என்றார் ஒருவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்றார் இன்னொருவர். வெர்காலோவில் ஏறியே பார்க்காத ஒருவர், "எனக்குப் போட்டோவைப் பார்த்தப்பவே தெரியும்," என்றார். எல்லோரும் வேகம் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "உண்மையைச் சொல்ல ஒரு தைரியம் வேணும் சார்!"

வக்கீலின் முகம் மட்டும் சிவந்துபோயிருந்தது.

"இதை நான் விடப்போறதில்ல," என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில நீர்த்தேக்கத்து ரோட்டுக்கு வாங்க. உங்க வண்டி, என் வண்டி, பக்கத்துல பக்கத்துல. சங்கமே பார்க்கட்டும். வண்டியில குறையா, நீங்க ஓட்டுறதுல குறையான்னு தெரிஞ்சுபோயிடும்."

வேகம் சார் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. வக்கீலின் வண்டி அம்பாகப் பறந்துவிட்டால்? பிறகு 'வேகம் சார்' என்ற பெயரை யார் சொன்னாலும் அது கிண்டலாகத்தான் இருக்கும்.

"போட்டியெல்லாம் வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எதுக்கு? போயிட்டு வரலாம்," என்றாள் அவள், சால்வையை மடித்துக்கொண்டே. "நானும் வரேன். நீர்த்தேக்கத்தைப் பார்த்து நாளாச்சு. வக்கீல் வீட்டம்மாவையும் வரச்சொல்லி இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நீர்த்தேக்கத்துக்குப் போகும் நேர்சாலை காலியாகக் கிடந்தது. சங்கத்தார் மறுமுனையில், டீக்கடைக்கு முன்னால், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த முனையில் இரண்டு வெர்காலோக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உறுமின. இரண்டிலும் பக்கத்து சீட்டில் மனைவிமார். பல் டாக்டர் கைக்குட்டையை வீசினார்.

வேகம் சார் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாகப் பெடலை மிதித்தார். கண்ணாடியில் பார்த்தார், வக்கீல் பின்னால் இல்லை. முன்னால் பார்த்தார், அங்கேயும் இல்லை. பக்கத்தில் பார்த்தார். வக்கீல், கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், அழுத்துறீங்களா?" என்று கத்தினார் வக்கீல்.

"முழுசா அழுத்திட்டேன்! நீங்க?"

"நானும்தான்! ஷூவே ஓட்டையாயிடும் போல இருக்கு!"

"எவ்வளவு காட்டுது?"

"எண்பது! உங்களுக்கு?"

"எண்பது!"

அதற்குப்பிறகு கத்திப் பேச ஒன்றுமில்லை. இரண்டு வண்டிகளும் ஊர்வலம் போவதுபோல் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர்மேல் வெயில் மினுங்கியது. மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு, "அங்க பாருங்க, எவ்வளவு கொக்கு!" என்றாள். அவர் பார்த்தார். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றையும் தவறவிடாமல் பார்க்க முடிந்தது.

டீக்கடை முன்னால் இரண்டு வண்டிகளும் ஒன்றாக வந்து நின்றன. சங்கத்தார் கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். வக்கீலைக் கைகொடுத்து வெளியே தூக்கிவிட வேண்டியிருந்தது. நிமிர்ந்ததும் அவர் நேராக வேகம் சாரிடம் வந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். நீங்க சொன்னதுதான் சரி. இத்தனை நாளா போர்வை போர்த்தி ஏமாந்திருக்கேன்."

"நாம ஏமாறல சார்," என்றார் வேகம் சார் பெருந்தன்மையோடு. "உலகம் ஏமாந்திருக்கு. நாம கண்டுபிடிச்சிருக்கோம்."

பின்னாலேயே வந்து சேர்ந்த பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் எந்தெந்தக் காரையெல்லாம் இப்படித் தோலுரிப்பது என்று அங்கேயே பேச்சு கிளம்பியது. மூன்று வெர்காலோ சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு டீ கிளாஸோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வேகம் சாருக்கு மனசு நிறைந்திருந்தது. விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த வண்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். வெறும் சத்தம்தான், ஆனாலும் அழகான சத்தம். அடுத்த வாரமும் மனைவியை அழைத்துக்கொண்டு இங்கே வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி, தண்ணீரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்த அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வக்கீல் வீட்டம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்கா, உங்க வண்டிக்கும் டாக்டர் வண்டிக்கும் செஞ்ச மாதிரியே, எண்பதுக்கு மேல போகாதபடி எங்க வண்டியையும் ஷோரூம்ல சொல்லிக் கட்டிப் போட்டுட்டேன், நல்லவேளை, மூணு பேர்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வரல!"