கிரேக்கத் துபாசியும் பாக்கியமக்காவின் பாயும்

மட்டக்களப்பில் இரண்டு பேர் ஒரே ஆளை ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்பட்டதை நான் கண்டதில்லை. ஆனால் ஊர் முழுவதும் ஒரே ஆளை, ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அந்த ஆள்தான் கிரேக்கத் துபாசி.

பொலிசுக்காரர் அவரை ஒற்றன் என்றார்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், மதம் மாற்றச் சேர்ச்சுக்காரர் அனுப்பிய ஆள் என்றார். சேர்ச்சுக்காரர், ஏதோ பழைய பேய்க்குப் பூசை பண்ணுகிறவர் என்றார்கள். வாவிக்குள் மீன் பாடுகிறது என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிற ஊர் எங்கள் ஊர். ஒரு மனிதன் கரையில் நின்று பாடினால் மட்டும் விடாது. நானும் அந்த ஊர்க்காரன்தானே! என் சந்தேகம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

அது இரண்டாம் உலக யுத்த காலம். நான் குருக்கள்மடத்திலிருந்து வந்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தேன். புளியந்தீவில் வாவிக்கரையோரம் பாக்கியமக்கா வீட்டில் சாப்பாட்டோடு ஓர் அறை. பாக்கியமக்கா இளம் வயதிலேயே கைம்பெண்ணானவர். ஆள் மெலிவு, குரல் மட்டும் வாவியின் அக்கரைக்குக் கேட்கும். அவருக்கு ஒரே மகள், பூரணி. நான் அந்த வீட்டில் தங்கியது சோற்றுக்காக இல்லை என்பதை இப்போது சொன்னால் யாரும் என்னை அடிக்க வரமாட்டார்கள். எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் ஏற்கெனவே பெட்டியோடு அங்கேதான் இருந்தேன். தாய்வழிக் குடியும் பொருத்தமான குடி. மிச்சமிருந்தது பாக்கியமக்கா வாய் திறப்பதும் பூரணி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதும்தான். இரண்டும் நடக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் துபாசி வந்து சேர்ந்தார். கோர்ட்டில் நீதவான் துரைக்கும் சாட்சிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். கையில் தோல்பெட்டி, கக்கத்தில் சுருட்டிய பனையோலைப் பாய்.

மட்டக்களப்பில் வசியம் வைத்து ஆளைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள், பிறகு ஊர் திரும்ப முடியாது என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. துபாசியின் தாயார் அதைச் சொல்லித்தான் ரயில் ஏற்றிவிட்டாராம். பாக்கியமக்கா தன் வீட்டில் தங்க வரும் எல்லோருக்கும் தன் கையாலேயே பன்புல்லில் ஒரு பன்பாய் இழைத்துக் கொடுப்பார். துபாசிக்கும் கொடுத்தார், சிவப்புக் கரை வைத்தது. துபாசி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, எனக்குப் பாய் இருக்குது."

"இருந்தா இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்" என்று அக்கா அதை அவர் அறை மூலையில் சாத்திவிட்டுப் போனார். அது அங்கேயே நின்றது. துபாசி அதன்மேல் உட்காருவது இருக்கட்டும், கால்கூடப் படாமல் விலகி நடப்பார். வெளியே எந்த வீட்டுக்குப் போனாலும் நின்றபடிதான் பேச்சு. செத்த வீட்டிலும் நின்றார். கூத்துப் பார்க்கப் போய் முழுக்கூத்தையும் நின்றபடியே பார்த்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கோர்ட்டில் அவர் வேறு விதமான தலையிடி. சாட்சி சொன்னதற்கு ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். சாட்சி இருமினால் இவரும் இருமுவார் என்று வழக்குப் பேசுகிற புரொக்டர்மார் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு தடவை சித்தாண்டிப் பக்கத்து எருமைக் களவு வழக்கில் சாட்சிக்காரர், "நான் வயல் வட்டைக்குப் போன... எருமை நிண்ட... மறுகா..." என்று சொல்லி, பிறகு என்ன என்று சொல்லாமல் நிறுத்திவிட்டார். துபாசியும் இங்கிலீஷில் அதே இடத்தில் நிறுத்திக்கொண்டார். துரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மிச்சம் எங்கே என்று சத்தம் போட்டார். "சாட்சி நிறுத்திவிட்டார், ஐயா. நானும் நிறுத்திவிட்டேன்" என்றாராம் துபாசி. இடைவெளியை நிரப்புவது பொய்ச்சாட்சி என்பது அவர் கட்சி.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், கிரேக்கத்திலிருந்து. அவருக்குப் படிப்பித்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஊர் திரும்பும்போது, கிரேக்க எழுத்தில் அச்சான ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை அவரிடம் விட்டுப் போயிருந்தார். அவருக்குத் தங்கம், வைரம், பெண்சாதி, பிள்ளை எல்லாம் அதுதான். விடிய வெள்ளன குளித்துவிட்டு, வாவியைப் பார்த்து நின்று, ஈரத் தலையோடு அதை ராகம் போட்டுப் படிப்பார். நாலு சொல் படிப்பார், கையை உயர்த்திச் சும்மா நிற்பார். மறுபடி இரண்டு சொல். மறுபடி கை.

"நடுவில ஏன் நிற்பாட்டுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதிலை கிழிஞ்சு போச்சுத் தம்பி. எகிப்து மணலுக்கை, பழைய குப்பைமேட்டிலை தோண்டி எடுத்த தாள். கிழிஞ்ச இடத்திலை என்ன இருந்ததெண்டு ஒருதருக்கும் தெரியாது."

"தேவாரம் மாதிரியா?"

"தெய்வத்தையும் பாடேல்லை, ராசாவையும் பாடேல்லை. ஒரு ஆளைக் கண்டால் தன்ர உடம்புக்கு என்ன நடக்குதெண்டு பாடினவை. காய்ச்சல்காரன் டொக்டருக்குச் சொல்லுற மாதிரி. யாழ் மாதிரி ஒரு நரம்புக் கருவியை வைச்சுக்கொண்டு பாடுறது. இதிலை கனக்கப் பாட்டு ஒரு பொம்பிளை பாடினது."

ஆசைப் பாட்டு! கல்யாணமாகாத ஆள்! அவர் நிற்கிற இடத்துக்கு நேரே பூரணி தண்ணீர் அள்ளுகிற கிணறு! துபாசி வேறு கிணற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் நின்றார். பார்த்திருந்தால் சந்தேகம் குறைந்திருக்கும். பாராமல் நிற்கிறவன்தான் பொல்லாதவன் என்று நான் முடிவு கட்டினேன்.

பொலிசுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். யப்பான்காரனின் விமானம் எப்போது வருமோ என்று எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அல்லவா? ஒரு சார்ஜன்ட் வந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது யப்பான் எழுத்தா?"

"இல்லை, கிரேக்கம்."

"கிரேக்கன் சண்டையில ஆர்ர பக்கம்?"

"எங்கட பக்கம்."

"அப்ப பறவாயில்ல. என்ன எழுதிரிக்கி?"

"ஒரு பொம்பிளை ஒராளை நினைச்சு உருகிறா."

"எந்த ஊர்ப் பொம்புள?"

"அவவும் ஒரு தீவுக்காரிதான்."

சார்ஜன்ட் நிமிர்ந்தார். "புளியந்தீவா? ஆர்ர மகள்? தகப்பனுக்குத் தெரியுமா?"

"அவ செத்து ரெண்டாயிரம் வரியத்துக்கு மேலை."

சார்ஜன்ட் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "செத்த பொம்புளைட பாட்டை வெள்ளன எழும்பிப் படிக்கிறதுக்கு உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். துபாசி கையை உயர்த்திக்கொண்டு சும்மா நின்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் விபரீதங்கள் தொடங்கின. பூரணிக்குச் சோறு இறங்கவில்லை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். மாலையில் நான் கச்சேரியிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தும் நேரம் பார்த்துக் கையிலிருந்த செம்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அடுத்த நாளும் போட்டாள். நல்ல பித்தளைச் செம்பு நெளிந்து போயிற்று. இதோடு இன்னொன்றையும் நான் கவனித்து வைத்திருந்தேன். துபாசி கோர்ட் விட்டு எவ்வளவு பிந்தி வந்தாலும் அவர் சோறு சுடச்சுட இருக்கும். பெரிய மீன் துண்டும் அவர் பீங்கானில்தான் கிடக்கும். நான் பிந்தி வந்தால் ஆறின சோறும் வாலும். மகளை மயக்கியது போதாதென்று அடுப்படியையும் மயக்கிவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

பாக்கியமக்காவுக்கும் பயம் பிடித்தது. "தம்பி, புள்ளைக்கு ஆரோ என்னமோ செய்து போட்டாங்க. துபாசி ஐயா நல்ல மனிசன்தான். ஆனா வெள்ளன எழும்பி அவர் சொல்லுறது மந்திரமெண்டு அயல்ல கதைக்கிறாங்க. அப்பிடியெண்டா மறுகா அவரை இஞ்ச வச்சிருக்க ஒண்ணா" என்றார். சொல்லும்போது குரல் அக்கரைக்குக் கேட்கவில்லை. அடுப்படி வரைக்கும்கூடக் கேட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிய, கரடியனாற்றிலிருந்து ஒரு பரிசாரி வந்தார். மருந்தும் கொடுப்பார், மந்திரமும் முறிப்பார். மந்திரம் முறிக்க வெட்டுகிற தேசிக்காய் மூட்டையோடு வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து, துபாசி பாடுவதை முழுவதும் கேட்டார். பிறகு எழும்பி வந்து வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"மந்திரம்தான். வசியம்தான். ஆனா அரைகுறை. நடுவுல நடுவுல விட்டுத்துச் சொல்லுறார். இது புள்ளையப் பிடிக்காது. அரைகுறையாச் சொன்னா சொன்ன ஆளைத்தான் பிடிக்கும். அவரைத்தான் பிடிச்சிரிக்கி."

என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதே நேரம், அப்படியானால் பூரணியைப் பிடித்தது எது என்று அடுத்த சந்தேகமும் வந்தது. பாக்கியமக்கா அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரே துபாசியின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, கோட்டுல எல்லாற்ற பேச்சையும் திருப்பிச் சொல்லுறீங்க. உங்கட பேச்சை எங்களுக்கு ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க."

துபாசி உள்ளே போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடப் போகிறார் என்றுதான் நினைத்தோம். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், கீழே சாரத்தோடு! கோட்டில்லாமல் மொழிபெயர்த்து அவருக்குப் பழக்கம் இல்லை. முற்றத்தில் பாக்கியமக்கா, பரிசாரி, நான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பூரணி. துபாசி தொண்டையைச் செருமினார்.

"நீ வாறாய்..." கையை உயர்த்தினார்.

பரிசாரிக்குப் பொறுமை இல்லை. "எங்க வாற?"

"தெரியாது. கிழிஞ்சு போச்சு." துபாசி அடுத்த வரிக்குப் போனார். "என்ர கை நடுங்குது..." மறுபடி கை உயர்ந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"செம்பு விழுந்திரும்."

எல்லோரும் திரும்பினோம். பூரணி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆர் வாற நேரம் புள்ள?" என்று பாக்கியமக்கா அடுப்படிக் கதவை நோக்கி நடந்தார்.

"பொறுங்கோ!" துபாசியின் குரல் அப்படி உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "உதிலை கிழிஞ்சிருக்கு. சாட்சி சொல்லாததை ஒருதரும் நிரப்பப்படாது."

அக்கா நின்றுவிட்டார். ஆனால் பரிசாரி கோர்ட் கண்டவர் இல்லை. என் பக்கம் மெல்லத் திரும்பி, "தம்பி, நீ எந்நேரம் கச்சேரியால வாற?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், என்னைச் சந்தேகப்படவே இல்லை. பூரணியைப் பார்த்தேன். அன்றுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கையும் நடுங்கியது, காலும் நடுங்கியது. அந்தத் தீவுக்காரப் பெண் பொய் சொல்லவில்லை.

துபாசி எங்களைக் கவனியாமல் கடைசி வரிக்குப் போனார். எடுத்த வேலையை முடிக்காமல் விடும் ஆள் அல்ல. "இன்னும் காணேல்லை..." என்றார். கையை உயர்த்தினார்.

பாக்கியமக்கா மகளைப் பார்த்தபடி நின்றார். வேறு எங்கோ மனதை வைத்துக்கொண்டு, தன்பாட்டில் சொன்னார்: "சோறு ஆறிப் போகுது."

இந்தத் தடவை துபாசி யாரையும் தடுக்கவில்லை. உயர்த்திய கை மெல்லக் கீழே வந்தது. "அது பொருந்துது" என்றார். புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். பரிசாரி தன் தேசிக்காய்களை எண்ணாமலே மூட்டையில் போட்டுக்கொண்டு, "இதுக்கு மாத்து என்னட்ட இல்ல கா. நான் போயித்து வாறன்" என்று கிளம்பினார்.

எங்கள் கல்யாணம் அடுத்த அறுவடைக்குப் பிறகு நடந்தது. பெட்டியை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தூக்கினேன், அவ்வளவுதான். துபாசி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, தாலி கட்டி முடியும்வரை நின்றார். எத்தனை பேர் கெஞ்சியும் பாயில் இருக்கவில்லை. பிறகு கொஞ்ச நாளில் அவருக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் வந்தது. போகிற நாள் விடிய, இப்போது எனக்கு மாமியாகிவிட்ட பாக்கியமக்கா சுடச்சுடச் சோறு சமைத்து வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். துபாசி, "இஞ்சாருங்கோ..." என்று தொடங்கினார். மிச்சம் வரவில்லை. மாமியும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து எனக்கும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தபோதுதான், அங்கே புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று கண்டுகொண்டேன்.

அவர் போன பிறகு பூரணி அறையைக் கூட்டப் போனாள். பனையோலைப் பாய் மூலையில் சாத்தியிருந்தது. சிவப்புக் கரை வைத்த பன்பாயைக் காணவில்லை.

"அவசரத்துல பாயை மாத்தி எடுத்துத்துப் போயித்தார் மனிசன்" என்றார் மாமி. அந்த ஓலைப்பாயை அவர் கடைசிவரை யாருக்கும் விரிக்கக் கொடுக்கவில்லை. இடைக்கிடை வெயிலில் காயவைத்து, தட்டி, திரும்பவும் அதே மூலையில் சாத்திவைப்பார்.

ஓலைப்பாய்க்கும் பன்பாய்க்கும் வித்தியாசம் தெரியாத யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு அப்போதே பெரிய சந்தேகம். ஆனால் மாமி இருக்கும்வரை நான் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. துபாசி ஐயா பக்கத்தில் நின்று கையை உயர்த்துவதுபோலவே இருக்கும்.