மலைப்பறவையின் நகம்

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பறவைக்கு நகம் இருந்தது. ஒரே ஒரு நகம். அகலமாக, வெட்டி நாளானதாக.

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் தலைமை நிபுணராக இருந்து ஓய்வுபெற்றவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மங்கிப்போன பழைய படம். பின்னால் மலை, ஓரத்தில் பாறைமேல் சாம்பலாய்ப் பொதபொதவென்று ஏதோ ஒன்று. பறவையாவது மண்ணாவது! படம் எடுத்தவரின் கட்டைவிரல் கேமராவுக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது.

சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதுதான் சிக்கல். காலமான கணவர் எடுத்த படம் என்று கீழ்வீட்டு அம்மாள் இதைக் கொண்டுவந்து மணியடித்தபோதுதான், ஆள் வராத நிபுணர் வீட்டு அழைப்புமணிக்கே தன் குரல் ஞாபகம் வந்தது.

"என்ன பறவை சார்?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "மலை மைனா."

அடுத்த வாரமே படத்தோடு வந்து நின்றாள். "மைனான்னா அலகு மஞ்சளா இருக்கணுமே சார்?"

"குளிர்ல வெளுத்துடும்" என்றார் கூசாமல். அவர் பார்த்துப் பழகிய பறவையெல்லாம் பஞ்சு அடைத்தவை. ஒன்றும் எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த அம்மாள் பேசினாள். கால் எங்கே என்று கேட்டாள். மைனாவைக் கழுகாக்கி, பறக்கும் கழுகு காலை மடக்கிக்கொள்ளும் என்றார். பறந்தால் இறக்கை எங்கே என்றாள். கழுகை உட்காரவைத்து ஆந்தையாக்கினார். ஆந்தைக்குக் கண் எங்கே என்று வந்தாள். தூங்குகிறது என்றார். பொய் வளர வளர, அலமாரியின் மூலையில் கிடந்த இரண்டாவது கோப்பை கீழே இறங்கியது; பிஸ்கட் வந்தது; அவள் வருகிற நாளில் சவரம்கூட நடந்தது.

கடைசியில் கைவசமிருந்த பறவைகள் தீர்ந்துபோயின. நிபுணர் எழுந்து நின்று, மேடையில் நிற்பதுபோல் அறிவித்தார்: "இது உலகம் அறியாத புது இனம்."

அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. துக்கம் என்று நினைத்து அவர் மரியாதையாக ஜன்னலைப் பார்த்தார்.

"அப்போ ஆராய்ச்சி நிறைய இருக்குமே சார்?" என்றாள் ஒருவழியாக.

"தினமும் உட்கார வேண்டியிருக்கும்" என்றார், பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தி.

"வரேன் சார்."

அப்போது, ஊரிலிருந்து வந்திருந்த அவள் மகள் அம்மாவைத் தேடி மாடியேறி வந்தாள். மேசைமேல் கிடந்த படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அட, அப்பாவோட கட்டைவிரல்! இதைச் சொல்லிச் சொல்லியே ஆயுசுக்கும் அவரைக் கேலி பண்ணினவ நீதானே, இதை எதுக்கும்மா இங்க தூக்கிட்டு வந்தே?"