ரயில் வருமுன் வீடு வாங்கியவர்

'வரப்போகுது' வகையினர் என்றொரு மனித இனம் உண்டு. மெட்ரோ ரயில் எங்கே ஓடுகிறதோ அங்கே இவர்கள் குடியிருக்க மாட்டார்கள். எங்கே ஓடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதோ அங்கே முதல் ஆளாய்ப் போய் வீடு வாங்குவார்கள்.

நம் கதாநாயகர் இந்த இனத்தின் தலைமகன். மருந்துக்கடைக்காரர். அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். நகரம் முடிந்து தெருநாய்களின் ஆட்சி தொடங்கும் இடத்தில் வீடு வாங்கினார். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அவர் மனைவியோ, பஸ் மாறிப் பஸ் ஏறி, நின்றபடியே போய் நின்றபடியே திரும்பினார்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல வாடகைக்கு வீடு பாக்கலாங்க. முட்டி தேஞ்சு போச்சு."

"ரயில் வர்ற நேரத்துல யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?"

எந்த நேரம்? சந்தையோடு நின்ற பாதை நீதிமன்றம் வரை நீண்டது. பிறகு தரைக்கடியில் புகுந்து ஆற்றைத் தாண்டியது. ஒப்பந்தக்காரர் மாறினார், தண்டவாளம் போகும் தெரு மாறியது, மகள் பள்ளி முடித்துக் கல்லூரியும் முடித்தாள். மாஸ்டர் மட்டும் மாறவில்லை. வந்த விருந்தாளியைக் காப்பி குடிக்கவிடாமல் மொட்டைமாடிக்கு இழுத்துப் போய், "அதோ, நம்ம ஸ்டேஷன்!" என்பார். அங்கே ஒரு கொக்கு நிற்கும்.

ஒருநாள் நிஜமாகவே வந்துவிட்டது. தெருமுனையிலேயே ஸ்டேஷன்! முதல் நாள் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். மனைவிக்கு உட்கார இடம் கிடைத்தது. வேலைக்குப் போகிற வழியில், வாழ்க்கையில் முதன்முறையாக, கண்ணயர்ந்தார்.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வந்துவிட்ட ரயிலை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? யாரிடம் எதைக் காட்டுவது? அப்போதுதான் கதவுக்கு மேலிருந்த வரைபடத்தில், புள்ளிக்கோடாய் நீண்ட ஒரு வால் கண்ணில் பட்டது. போன உயிர் திரும்பியது.

மனைவியை உலுக்கினார். "இந்தா, கேளு. நம்ம வீட்டை இப்ப வித்தா நல்ல விலை போகும். அந்தக் கடைசில ஒரு இடம் இருக்கு. இப்போதைக்கு வெறும் வயல்தான். ஆனா ரயில் வரப்போகுது!"

மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தாராளமா போங்க. வீடு என் பேர்லயும் இருக்கு, நான் கையெழுத்துப் போட மாட்டேன். வயல்ல ரயில் வந்ததும் போன் பண்ணுங்க, வந்து பாக்கறேன்."

சொல்லிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார்.

இப்போது ஞாயிறுதோறும் மாஸ்டர் ஸ்கூட்டரில் போய் அந்த வயலோரம் தனியே நின்றுவிட்டு வருகிறார். சிரிப்பு வருகிறதா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், 'அந்த வயல் எந்தப் பக்கம், என்ன விலை சொல்கிறார்கள்?' என்று உங்கள் நாக்கு நுனிவரை வந்ததே ஒரு கேள்வி, அதை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுங்கள். வீட்டில் காதில் விழுந்துவிடப் போகிறது.