அந்து தொடாத செடி

"ஐயோ, இலையில ஓட்டை!"

மொட்டை மாடியில் மாமனாரின் தொட்டி முன்னால் மாப்பிள்ளை தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ஓட்டையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புழு சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

"அப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்றாள் மனைவி.

மறக்கக்கூடிய பேச்சா அது? "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. இது கோடியில ஒரு செடி. அந்துப்பூச்சி தெருவிளக்குக்குத் தெருவிளக்கு கொட்டிக் கிடக்கும். அதோட புழு கண்ட களையைத் தின்னும். இதைத் தொடக்கூடத் தொடாது."

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரை நேராக 'மாப்ளே' என்று கூப்பிட்டதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். இப்போதுதான் முதல்முறையாக நம்பி ஒன்றை ஒப்படைத்துவிட்டு, மாமியாரோடு வெளியூர் போயிருந்தார்.

மாப்பிள்ளை குச்சியால் புழுவைத் தள்ளினார். இலையும் கூடவே போனது. வேறு புழு இருந்தால் என்ன செய்வது என்று பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அடித்தார். செடி சுருண்டது. சோப்பு போகட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். வேர் வெளியே வந்தது. காயட்டும் என்று வெயிலில் வைத்தார்.

சாயங்காலம் மனைவி வந்து பார்த்தாள். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைதான்."

"குரங்கா முடிஞ்சாக்கூடப் பரவாயில்லையே! விளக்குமாறால்ல முடிஞ்சிருக்கு!"

மறுநாள் செடியின் போட்டோவோடு நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதையெல்லாம் யாரும் விக்க மாட்டாங்க சார்."

அவ்வளவு அபூர்வம்! மாப்பிள்ளை வெறுங்கையோடு கிளம்பினார்.

திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்டு சுவருக்குப் பின்னால், சாக்கடையோரம், அச்சு அசல் அதே மாதிரி ஒரு செடி நின்றது. ஏதோ களைதான். ஆனாலும் இலைக்கு இலை ஒத்துப்போனது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பிடுங்கினார்.

ஊரிலிருந்து வந்த மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினார். கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே!"

நேராகவே கூப்பிட்டார். "ஒரு ஓட்டைகூட இல்லையே! தளதளன்னு வெச்சிருக்கீங்க!"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி.

மாமனார் கீழே இறங்கும்வரை காத்திருந்த மாமியார், மெல்ல அருகில் வந்தார்.

"பஸ் ஸ்டாண்டு சுவருக்குப் பின்னாடிதானே பிடுங்கினீங்க மாப்ளே? போன ரெண்டு தடவையும் நானும் அங்கதான் பிடுங்கினேன்."