கொய்ங் அண்ணாத்தயின் மைக்செட்

சிங்கப்பெருமாள் கோயிலில் காது படைத்த ஒருவரையும் கொய்ங் அண்ணாத்த விட்டுவைத்ததில்லை. மைக்செட் வாடகைக்கு விடுபவர். அவர் கெடுத்தவை: ஒரு நிச்சயதார்த்தம், ஒரு தலைமையாசிரியரின் உரை, தேர் அன்று குழந்தை காணவில்லை என்ற அறிவிப்பு. அதில் குழந்தையின் பெயர் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

ஸ்பீக்கரை மைக்குக்கு நேர் எதிரே வைப்பார். பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்க வேண்டாமா என்பார். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் நுழைந்து, பெருகி வெளியே வந்து, மறுபடி நுழையும். கொய்ய்ங்! உடனே சத்தத்தை ஏற்றுவார். ஊளையை அமுக்குகிறாராம்.

ஆம்ப்ளிபையர் சோதிப்பது என் வேலை. எப்படிப் பொறுப்பேன்? அக்காவின் ஒன்பதாம் மாத வளைகாப்பில் பெரியம்மா பாட வாயைத் திறந்ததுமே கொய்ங். நேராகப் போய்ச் சண்டை பிடித்தேன். உடம்பில் சூடு ஏறினால் வியர்வை தணிக்கும், சர்க்கரை ஏறினால் இன்சுலின் இறக்கும். உங்கள் செட்டோ ஏறினதை மேலும் ஏற்றுகிறது, உடம்பும் இப்படி நடந்தால் ஒரு ஜுரத்துக்கே ஆள் காலி என்றேன். பொய் சொல்லக் கூடாதே என்று, பிரசவ வலி ஒரு விலக்கு என்றும் சேர்த்தேன். குழந்தையின் தலை அழுத்த வலி கூடும், வலி கூட அழுத்தம் கூடும், குழந்தை வெளியே வந்தால்தான் நிற்கும்.

"அப்ப கொயந்த பொறக்கறதே கொய்ங்குதான்னு சொல்லு" என்றார்.

"ஏய், பாடத்த நிறுத்துடி" என்றாள் அக்கா, நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டு. "எனக்கு வலி வந்துடுச்சி."

மாமாவின் காரில் அக்கா. முன்னால் வழிகாட்ட அண்ணாத்த செட் ஏற்றிவரும் குட்டியானை வண்டி, அதில் நான். ஜிஎஸ்டி சாலையில் லாரிகள் அசையவேயில்லை. ஹாரனை எவனும் மதிக்கவில்லை. பின்னால் காரிலிருந்து அக்காவின் அலறல் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே வந்தது.

அண்ணாத்த மைக்கை என்னிடம் நீட்டினார். "வண்டி மேல ஸ்பீக்கர் கீது. எப்டி புடிச்சா கத்தும்னு உனுக்குத்தான் தெரியுமே. புடி."

பட்டுப்புடவையோடு வண்டியின் பின்பக்கம் ஏறி நின்று, படித்த படிப்புக்கு நேர்மாறாக, மைக்கை ஸ்பீக்கரின் வாயிலேயே வைத்தேன். கொய்ய்ய்ங்! காதைப் பொத்திக்கொண்டு லாரிக்காரர்கள் ஒதுங்கினார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. கதவுக்கு வெளியே முதல் அழுகையைக் கேட்ட அண்ணாத்த முகம் சுளித்தார். "சவுண்டு கம்மியா கீதே."

இன்றும் ஸ்பீக்கரை மைக்குக்கு நேராகத்தான் வைக்கிறார். இன்றும் போய்ச் சண்டை பிடிக்கிறேன். பெயர் சூட்டும் விழாவுக்கு மாமா கூடுவாஞ்சேரியில் நல்ல செட் ஒன்று பார்த்துவைத்திருந்தார்.

நான்தான் வேண்டாமென்றேன்.